ஏப்ரல் ஒன்றுக்குப் பிறகு

ஜனவரி 8, திங்கள்

சுற்றறிக்கை வந்துவிட்டது. வருமான வரியில் கழித்துக்கொள்ளக்கூடிய செலவுகளுக்கு முப்பத்தொன்றாம் தேதிக்குள் சான்று கொடுக்க வேண்டும். வாடகை ரசீது, காப்பீட்டுப் பிரீமியம், பிள்ளைகளின் கல்விக் கட்டணம், பெற்றோரின் மருத்துவச் செலவு. அலுவலகத்தில் ஆளாளுக்குப் பையைக் கிளறிக்கொண்டிருக்கிறார்கள். என் பச்சை ஃபைலில் ஏப்ரலிலிருந்து எல்லாம் தேதி வரிசையில் இருக்கிறது. வருடத்தில் எனக்குப் பிடித்த மாதம் இதுதான்.

பானு என் மேஜையில் சாய்ந்துகொண்டு, "ஏ வசு, உங்க வீட்ல உப்பு வாங்குனாக்கூட பில்லு கேப்பியாமா?" என்றாள். உப்புக்குக் கழிவு கிடையாது என்றேன். ஏன் எல்லோரும் சிரித்தார்கள் என்று தெரியவில்லை.

மாலையில் அப்பாவிடம் பன்னிரண்டு வாடகை ரசீதுகளில் கையெழுத்து வாங்கினேன். சிங்காநல்லூரில் இருக்கும் இந்த வீடு அவர் பெயரில் இருக்கிறது. நான் மாதம் பதினெட்டாயிரம் கொடுத்து வாடகைக்கு இருப்பதாகக் கணக்கு. பொய்க் கணக்கு என்று யாரும் சொல்ல முடியாது. ஒன்றாம் தேதி என் வங்கிக் கணக்கிலிருந்து அவர் கணக்குக்குப் பணம் போகிறது. மூன்றாம் தேதி அவருடைய ஏடிஎம் கார்டில் நான் எடுத்துக்கொள்கிறேன்.

அப்பா வழக்கம்போல என் இடது பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வலது காது எனக்குக் கேட்காது. ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் பாதியும் தாளின் மேல் பாதியுமாகக் கையெழுத்து விழ வேண்டும். நான்கு ரசீதில் ஸ்டாம்பைத் தொடவே இல்லை. திரும்ப எழுதினேன். நான்கு ரூபாய் வீண்.

"மசமசன்னு இருக்குது அம்மிணி" என்றார்.

ஜனவரி 17, புதன்

பொங்கல் விடுமுறைக்கு வந்திருந்த மகள் மித்ரா பெங்களூர் திரும்பிவிட்டாள். எம்பிஏ முடிய இன்னும் ஒரு வருடம். அவளுடைய கல்விக் கட்டணம் என் கழிவில் பெரிய பங்கு.

அப்பா நறுக்கித் தந்த பீன்ஸ் ஒன்று விரற்கடை நீளம், ஒன்று பொடி. நாற்பது வருடம் லேத்தில் கடைசல் வேலை பார்த்தவர். அவர் நறுக்கினால் அளவுகோல் வைத்த மாதிரி இருக்கும். ஒழுங்காக வேகாது, பார்த்து நறுக்குங்கள் என்றேன். "பல்ப சுத்தி வானவில்லு மாதிரி வளையம் தெரியுது" என்றார். பீன்ஸுக்கும் பல்புக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை.

ஜனவரி 20, சனி

கண் மருத்துவமனை. மூன்று மணி நேரம் போயிற்று.

அப்பாவுக்கு இடது கண் கிடையாது. நான் பள்ளியில் படிக்கும்போது லேத்திலிருந்து தெறித்த இரும்புப் பிசிறு அதைக் கொண்டுபோய்விட்டது. இப்போது வலது கண்ணில் அழுத்தம் ஏறியிருக்கிறது. அப்பாவைப் பக்கத்து அறையில் பரிசோதனைக்கு உட்காரவைத்துவிட்டு டாக்டரம்மா என்னிடம் பேசினார்.

"இருக்கறது ஒரே கண்ணுங்க. சொட்டு மருந்து எத்தன நாள் பிடிச்சு நிறுத்தும்னு என்னால சொல்ல முடியாது. ரெண்டு வாரத்துல ஆபரேஷன் பண்ணிரணும். போன பார்வை திரும்பாது, இருக்கறதக் காப்பாத்திக்கலாம்."

சீட்டில் 'பிப்ரவரி 5க்குள்' என்று எழுதி அடியில் கோடு போட்டார். செலவு அறுபத்திரண்டாயிரம். கார்டில் கட்டலாமா என்று கேட்டேன். கட்டலாமாம். மருத்துவச் செலவை ரொக்கமாகக் கட்டினால் கழிவு கிடைக்காது.

ஜனவரி 21, ஞாயிறு

அம்மா சென்ற ஜூனில் இறந்தாள். அவளுடைய கடைசி ஒன்பது நாள் ஆஸ்பத்திரிச் செலவிலேயே பெற்றோருக்கான இந்த வருட வரம்பு ஐம்பதாயிரமும் முடிந்துவிட்டது. இப்போது அப்பாவுக்குக் கட்டும் அறுபத்திரண்டாயிரத்தில் ஒரு ரூபாய்கூடக் கழியாது. ஏப்ரல் ஒன்றுக்குப் பிறகு கட்டினால் புது வருடக் கணக்கு. ஐம்பதாயிரம் கழியும். வரியில் மிச்சமாகிக் கையில் நிற்பது பதினைந்தாயிரத்து அறுநூறு.

இரண்டு வாரத்துக்குப் பதில் பத்து வாரம். சொட்டு மருந்துதான் இருக்கிறதே.

ஜனவரி 22, திங்கள்

என் வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும் சம்பந்தம் சாருக்குப் போன் செய்து உறுதிப்படுத்திக்கொண்டேன். கணக்கு சரிதான் என்றார். கொஞ்சம் தயங்கிவிட்டு, "கண்ணு விஷயம் மேடம், எதுக்கும் டாக்டர ஒரு வார்த்தை கேட்டுக்கங்க" என்றார். டாக்டருக்கு வரி தெரியாது. கேட்கவில்லை.

ஏப்ரலில் செய்துகொள்ளலாம் என்று டாக்டர் சொன்னதாக அப்பாவிடம் சொன்னேன். அவர் உடனே தலையை ஆட்டிவிட்டார். இப்படி எளிதாக ஒப்புக்கொள்வார் என்று நினைக்கவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு ராகிக் களி, கீரை. களி கொஞ்சம் அடிப்பிடித்துவிட்டது.

ஜனவரி 30, செவ்வாய்

சான்றுகள் கொடுத்தாயிற்று. எல்லாம் ஒரே தடவையில் ஏற்கப்பட்டன. சரிபார்க்கும் பையன், மேடம் ஃபைலைப் பாடமாக வைக்கலாம் என்றான்.

பிப்ரவரி 5, திங்கள்

இன்று குறிப்பிட ஒன்றுமில்லை.

பிப்ரவரி 9, வெள்ளி

பதினொரு மணிக்கு வங்கியிலிருந்து போன். உங்கள் அப்பா இங்கே உட்கார்ந்திருக்கிறார், வர முடியுமா என்றார்கள். அனுமதி எழுதிக் கொடுத்துவிட்டு ஓடினேன்.

என்னிடம் சொல்லாமல் ஷேர் ஆட்டோ பிடித்துப் போயிருக்கிறார். அறுபதாயிரம் எடுப்பதற்குப் பணம் எடுக்கும் சீட்டு எழுதி நீட்டியிருக்கிறார். மூன்று முறை கையெழுத்துப் போட்டும் வங்கியில் இருக்கும் மாதிரியோடு ஒத்துப்போகவில்லை. கவுண்டரில் இருந்த பெண் சின்ன வயதுக்காரி, நல்ல மாதிரி. "ஐயா கையெழுத்து எறங்கி எறங்கிப் போகுதுங்க மேடம்" என்று தணிந்த குரலில் சொன்னாள். கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று அவள் அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. நானே சொல்லிக்கொள்கிறேன் என்றேன். இருந்தது இரண்டாயிரத்து நூற்று நாற்பது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஆட்டோவில் பாஸ்புக்கை மடியில் வைத்திருந்தார். வந்ததும் என் இடது பக்கம் உட்கார்ந்து, "படிச்சுச் சொல்லு அம்மிணி" என்றார்.

படித்தேன். ஏப்ரல் ஒன்று, பதினெட்டாயிரம் வரவு. மே ஒன்று, பதினெட்டாயிரம் வரவு. பிப்ரவரி வரை நிதானமாகப் படித்தேன். பற்றுப் பக்கத்தை அவர் கேட்கவில்லை.

"அப்ப பணம் இருக்குதில்ல?"

"இருக்குதுங்கப்பா."

"அப்பறம் என்னத்துக்கு ஏப்ரலு? எனக்கு ஓரமெல்லாம் இருட்டிக்கிட்டு வருது. குழாய்க்குள்ள இருந்து பாக்கறாப்ல இருக்குது."

கொஞ்சம் பொறுங்கள் என்றேன். இரண்டு மாதம்தானே என்றேன்.

பாஸ்புக்கை நான் வாங்கிப் பச்சை ஃபைலில் வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 10, சனி

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். ஒன்றை விட்டிருக்கிறேன். 'இரண்டு மாதம்தானே' என்று நான் சொன்னதும் அப்பா என் முகத்துப் பக்கம் திரும்பினார். என் வலது காதைப் பார்த்தது போல இருந்தது. குழாய்க்குள்ளிருந்து பார்ப்பவருக்கு எது தெரிகிறது என்று நமக்கு எப்படித் தெரியும்?

அது வேறு விஷயம். திருமணமான இரண்டாம் வருடம், மாசி பிறந்த மூன்றாம் நாள் நான் இந்த வீட்டுக்கு வந்தேன். அடி வாங்கிய காதிலிருந்து ரத்தமும் நீரும் வந்துகொண்டிருந்தன. வயிற்றில் மித்ரா இருந்தாள். பெரியப்பா மகளுக்குப் பங்குனியில் கல்யாணம் வைத்திருந்தார்கள். வாழாமல் வந்த பெண் வீட்டில் இருந்தால் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று பேச்சு. அப்பா இதே கூடத்தில் நின்று, "ரெண்டு மாசம் பொறு அம்மிணி, சித்திரை பொறந்துட்டா நானே வந்து பேசறேன்" என்றார். மறுநாள் அவரே என்னைப் பஸ் ஏற்றிவிட்டார். ஜன்னல் வழியாக ஒரு டஜன் வாழைப்பழம் கொடுத்தார்.

சித்திரையில் காது டாக்டரிடம் போனோம். கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம் என்றார். நிரந்தரமாகத் திரும்பி வருவதற்கு அதற்கப்புறமும் நான்கு வருடம் ஆயிற்று.

அப்போதிருந்து அப்பா என் இடது பக்கம் உட்காருகிறார். பதினெட்டு வருடத்தில் ஒரு நாள்கூடத் தவறியதில்லை. அதற்கு மேல் அதைப் பற்றி நாங்கள் பேசியதுமில்லை.

இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நிதியாண்டு மார்ச்சில் முடிகிறது, அதற்கு நான் என்ன செய்ய?

பிப்ரவரி 26, திங்கள்

கேஸ் வந்தது. மாவு அரைத்தேன். அப்பா நிலைப்படியில் இடித்துக்கொண்டார், நெற்றியில் வீக்கம். இனிமேல் காய் நறுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கத்தியை வாங்கியபோது கொஞ்ச நேரம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 8, வெள்ளி

அலுவலகத்தில் மகளிர் தினத்துக்கு ஆளுக்கொரு ரோஜாவும் பேனாவும் கொடுத்தார்கள். 'என்னை நான் நேசிக்கிறேன்' என்ற தலைப்பில் ஒரு அம்மாள் பேசினார். சொட்டு மருந்து தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

மார்ச் 12, செவ்வாய்

சொட்டு மருந்து வாங்கினேன். ஆயிரத்து இருநூற்று எண்பது. இதுவும் இந்த வருடக் கணக்கில் வராது. ஒரு பாட்டில் போதும்.

மார்ச் 22, வெள்ளி

காலை ஆறு மணிக்கு அப்பா வாந்தி எடுத்தார். வலது பக்கத் தலையைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் முன்னும் பின்னுமாக ஆடினார். கண் சிவந்து, கருவிழி புகை பிடித்த கண்ணாடி போல இருந்தது. நேற்றைய குழம்பு ஒத்துக்கொள்ளவில்லை போல என்றேன். சீரகத் தண்ணீரும் தலைவலி மாத்திரையும் கொடுத்தேன்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம் அம்மிணி."

இன்னும் பத்து நாள்தான் என்றேன். வருட முடிவு, அலுவலகத்தில் விடுப்பு கிடைக்காது என்றேன். இரண்டும் உண்மை. கதவைப் பூட்டும்போது உள்ளேயிருந்து சத்தம் வந்தது. அப்பா அழுது நான் கேட்டதில்லை, அதனால் அது என்ன சத்தம் என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை.

மார்ச் 23, சனி

வலி குறைந்திருக்கிறது. மாத்திரை நான்கு.

மார்ச் 25, திங்கள்

அப்பா பகலிலும் ஸ்விட்சைப் போட்டுப் போட்டுப் பார்க்கிறார். மின்சாரம் போய்விட்டதா என்று கேட்டார். ஆமாம் என்று சொன்னேன். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

மார்ச் 28, வியாழன்

மித்ரா போனில் அவள் அப்பிச்சியிடம், என் அப்பாவிடம், பேச வேண்டும் என்றாள். தூங்குகிறார் என்றேன்.

ஏப்ரல் 1, திங்கள்

காலை ஏழரைக்கே மருத்துவமனையில் இருந்தோம். முன்பணம் கார்டில் கட்டினேன். ரசீதில் தேதி 01-04. அப்பா வெள்ளை வேட்டி கட்டி, நானே வாரிவிட்ட தலையுடன் உட்கார்ந்திருந்தார். ஏப்ரல் வந்துருச்சா அம்மிணி என்று இரண்டு முறை கேட்டார்.

டாக்டரம்மா கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். பிறகு விளக்கை அணைத்து, போட்டு, அணைத்து, எப்போது வெளிச்சம் வருகிறது என்று சொல்லச் சொன்னார். அப்பா யோசித்து யோசித்துச் சொன்னார். எல்லாம் தவறு.

என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஜனவரியில வந்தவங்கதானே நீங்க?" என்றார். வீட்டுச் சூழ்நிலை என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. நரம்பு செத்துவிட்டது, வலி வராமல் இருக்க ஒரு சின்ன ஆபரேஷன் செய்யலாம், பார்வைக்கு இனி ஒன்றுமில்லை என்றார். கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம் என்று அவரும் சொன்னார். இந்த வாக்கியத்தை டாக்டர்கள் ஒரே மாதிரிக் குரலில்தான் சொல்கிறார்கள்.

சின்ன ஆபரேஷனுக்கு முப்பத்தெட்டாயிரம்தான். ஐம்பதாயிரம் வரம்பில் இன்னும் பன்னிரண்டாயிரம் மீதி இருக்கிறது.

ஏப்ரல் 4, வியாழன்

கட்டுப் பிரித்தார்கள். பிரித்தது அப்பாவுக்குத் தெரியவில்லை. எப்போது பிரிப்பீர்கள் என்று நர்ஸிடம் கேட்டார். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் பில்லைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரை ஒன்று. மித்ரா வந்திருக்கிறாள். அப்பிச்சியைக் கை பிடித்துக் குளியலறைக்குக் கூட்டிப் போகிறாள், ஊட்டிவிடுகிறாள். பாயசம் செய்தேன்.

மதியம் மாத்திரைச் சீட்டைத் தேடுகிறேன் என்று பச்சை ஃபைலை எடுத்திருக்கிறாள். ஜனவரிச் சீட்டு கையில் கிடைத்துவிட்டது.

"அம்மா, பிப்ரவரி அஞ்சுக்குள்ளன்னு எழுதி அடிக்கோடு போட்டிருக்காங்க."

டாக்டர் கையெழுத்து, ஏழா எட்டா என்று யாருக்குத் தெரியும் என்றேன். அவள் சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். சீட்டின் பின்பக்கத்தில் என் பென்சில் கணக்கு இருந்தது. 62,000. 50,000. அதற்குக் கீழே வட்டம் போட்டு 15,600.

"இது என்னம்மா?"

நான் பதில் சொல்லும் முன்பே கூடத்திலிருந்து அப்பா குரல் கொடுத்தார். "நாந்தான் சாமி ஏப்ரலுக்குப் போலாம்னு சொன்னேன். உங்கம்மா அப்பவே கூப்புட்டா. எனக்குத்தான் பயம்."

மித்ரா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மாலை பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டாள். பாயசம் மீந்துவிட்டது.

அப்பா ஏன் அப்படிச் சொன்னார் என்று இரண்டு மணி நேரமாக யோசிக்கிறேன். என்னைக் காப்பாற்றினார் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் எதிலிருந்து காப்பாற்ற வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குக் கோபம்தான் வருகிறது.

மே 19, ஞாயிறு

மித்ரா இப்போது அப்பாவின் போனுக்குத்தான் பேசுகிறாள். என்னைப் பற்றிக் கேட்பதில்லை என்று நினைக்கிறேன். அவளுடைய கட்டணத்தை நேற்று கட்டிவிட்டேன். ரசீதை எடுத்து வைத்தேன்.

ஜூலை 6, சனி

கணக்குத் தாக்கல் செய்ய சம்பந்தம் சார் அலுவலகத்துக்குப் போனேன். அப்பா கண் எப்படி இருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டார். பிறகு, சொல்லலாமா கூடாதா என்ற குரலில் சொன்னார்.

"மேடம், நம்மள நம்பி இருக்கற ஊனமுற்றவங்களப் பராமரிக்கறதுக்குத் தனிப் பிரிவு இருக்குதுங்க. ரெண்டு கண்ணும் இல்லைன்னா ஒண்ணே கால் லட்சம். எவ்வளவு செலவு பண்ணினோம்னு பில்லுகூடக் காட்ட வேண்டியதில்ல. சர்டிபிகேட் மட்டும் இருந்தாப் போதும்."

வருடத்துக்கு முப்பத்தொன்பதாயிரம் மிச்சம். வருடா வருடம். ஏப்ரலுக்காகக் காத்திருந்தால் கிடைக்கும் என்று நான் போட்ட கணக்கைப் போல இரண்டரை மடங்கு. மனத்துக்குள் பெருக்கிப் பார்த்துவிட்டேன். பெருக்கிய பிறகுதான் பெருக்கியது தெரிந்தது.

வாடகை வாங்குகிறவர் எப்படி என்னை நம்பி வாழ்பவர் ஆவார் என்று கேட்டேன். அதையெல்லாம் சேர்த்துவைத்து யாரும் பார்க்க மாட்டார்கள் என்றார். ஒரே மனிதர் ஒரு தாளில் வீட்டு உரிமையாளர், இன்னொரு தாளில் என்னைச் சார்ந்திருப்பவர்.

எழுந்தபோது சம்பந்தம் சார் வழக்கம்போல வாசல் வரை வரவில்லை.

ஆகஸ்ட் 21, புதன்

சான்றிதழுக்காக அரசு மருத்துவமனை. வரிசையில் இரண்டரை மணி நேரம். மருத்துவர் முகத்துக்கு நேரே விரல்களை நீட்டி எத்தனை என்று கேட்டார். அப்பா நான் எங்கே இருக்கிறேன் என்று கையால் துழாவினார். பிறகு, "நீயே சொல்லு அம்மிணி, எத்தனைன்னு சொன்னா உனக்கு ஆகும்?" என்றார்.

மருத்துவர் சிரித்தார். பெரியவர் தமாஷ் பேர்வழி என்றார்.

நூறு சதவீதம். நிரந்தரம். புதுப்பிக்க வேண்டியதில்லை.

ஜனவரி 9, வியாழன்

சுற்றறிக்கை வந்துவிட்டது. பானு இந்த முறை என் மேஜைக்கு வரவில்லை. அவளுக்குச் சந்தேகம் இருந்தால் சரிபார்க்கும் பையனிடம் கேட்டுக்கொள்கிறாள்.

மாலையில் மேஜை போட்டு, பன்னிரண்டு ரசீதிலும் ஸ்டாம்ப் ஒட்டிவிட்டு அப்பாவைக் கூப்பிட்டேன். சுவரைத் தடவிக்கொண்டு வந்து, கைக்கு அகப்பட்ட நாற்காலியில் உட்கார்ந்தார். அது என் வலது பக்கம் இருந்தது. அவருக்குத் தெரிய வழியில்லை. மாறி உட்காருங்கள் என்று சொல்லியிருக்கலாம், அல்லது நான் மாறியிருக்கலாம்.

அவருடைய ஆட்காட்டி விரலைப் பிடித்து ஒவ்வொரு ஸ்டாம்பின் மேலும் வைத்தேன். அந்த விரலை ஒட்டிப் பேனாவை இறக்கினார். ஏப்ரல், மே, ஜூன். கடைசல்காரரின் விரல், இன்னும் கெட்டியாக இருக்கிறது. எட்டாவது ரசீதுக்குப் பிறகு நான் பிடிக்க வேண்டியிருக்கவில்லை, அவராகவே ஸ்டாம்பைத் தடவிக் கண்டுபிடித்துவிட்டார். பன்னிரண்டும் முடிந்ததும் பேனாவை மூடி, என் பக்கம் திரும்பிப் பேச ஆரம்பித்தார்.

உதடு அசைந்துகொண்டே இருந்தது. நீளமாகப் பேசினார். நடுவில் ஒரு முறை நிறுத்தி, பதிலுக்குக் காத்திருப்பவர் போல முகத்தைச் சாய்த்தார். பிறகு மறுபடியும் பேசினார். ஒரு கட்டத்தில் கையை நீட்டி என் வலது காதைத் தொட்டார்.

மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் இடது காதில் கேட்டுக்கொண்டிருந்தது. கேட்கும் காதை நான் அவர் பக்கம் திருப்பவில்லை. ரசீதுகளை மாத வாரியாக அடுக்கிக் கிளிப் போட்டேன். அவர் முடித்துவிட்டு என் தோளில் இரண்டு முறை தட்டினார். சொல்லி முடித்த திருப்தி முகத்தில் தெரிந்தது. எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்.

பன்னிரண்டு ரசீதிலும் கையெழுத்து ஸ்டாம்பின் மேல் சரியாக விழுந்திருக்கிறது. இந்த வருடம் ஒன்றுகூட வீணில்லை.